இரண்டாவது ஆள்

எங்கள் நூலகத்தில் சண்டை போடுவதற்கென்றே ஒரு மேசை இருந்தது. ஜன்னலோரம், ஒரு கால் குட்டையாக, அடியில் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்த மேசை. ஒரே கட்டுரைக் குவியலை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்' என்று குறிப்போம். ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. எல்லாம் முடிந்தபிறகு, எதில் முரண்பட்டிருக்கிறோமோ அந்தக் கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மேசையில் உட்காருவோம். அங்கே நான் போட்ட கூச்சலில் வாசகர்கள் எழுந்து போனதுண்டு. 'அமைதி காக்கவும்' என்ற பலகை என் தலைக்கு நேர் மேலேதான் தொங்கும். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருப்பது ஊருக்கே தெரியும், அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது?

இது ஒரு பெரிய மருத்துவமனையின் நூலகம். நான் தலைமை நூலகர். நாங்கள் புத்தகம் எடுத்துக் கொடுத்து முத்திரை குத்துபவர்கள் என்று புதிதாக வரும் டாக்டர்கள் நினைப்பார்கள். ஒரு மருந்தை நோயாளிகளுக்குக் கொடுக்கலாமா, நிறுத்தலாமா என்ற கேள்வி வரும்போது அவர்களுக்கு விஷயம் புரியும். அந்த மருந்தைப் பற்றி உலகத்தில் எவரெவர் எங்கெங்கே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களோ அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். வலையை வீசினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். பெரும்பாலானவற்றுக்கும் நம் கேள்விக்கும் ஸ்நானப்பிராப்தி இருக்காது. தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துப் படித்து, வேண்டியதைப் பொறுக்குவதற்குள் முதுகு ஒடிந்துவிடும்.

அதற்காகத்தான் அந்த மென்பொருளை வாங்கினோம். நாங்கள் அதற்கு வைத்த பெயர் சல்லடை. அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. நம்மில் ஒருவர் சில நூறு கட்டுரைகளை வேண்டும், வேண்டாம் என்று குறித்துக் காட்ட வேண்டும். அந்தக் குறிகளிலிருந்து அது கற்றுக்கொள்ளும். பிறகு மிச்சமிருக்கும் ஆயிரங்களையும் தானே வரிசைப்படுத்தும். நமக்கு வேண்டியவை என்று அது நினைப்பவை மேலே, வேண்டாதவை அடியில். மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, வெறும் வேண்டாதவையாக வரத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். மாதக்கணக்கான வேலை சில வாரங்களில் முடிந்தது. நான் எதற்கும் எளிதில் கைதட்டுகிறவள் அல்ல, அதற்குத் தட்டினேன்.

அத்தோடு நிர்வாகம் ஒன்று சொன்னது. இனி இரண்டு பேர் எதற்கு? ஒருவர் குறித்தால் போதும், இரண்டாவது ஆளாக மெஷினே இருக்கட்டும். ஆள் பற்றாக்குறையில் நாங்கள் திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. நானும் தலையை ஆட்டிவிட்டேன். சண்டை மேசையில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் நரம்பு டாக்டர் தன் கேள்வியோடு வந்தார். கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை. இதைத் தொடர்ந்து கொடுப்பது நல்லதா, கெடுதலா? மருத்துவமனையின் மருந்துக் குழு முடிவெடுக்க வேண்டும், அதற்கு எங்கள் தொகுப்பு வேண்டும்.

அந்த வேலையை நான் நிதானத்திடம் கொடுத்தேன். நிதானம் என்பது என் கீழே வேலை பார்த்த நூலகருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். மனிதர் தேநீரைக் கூட யோசித்துத்தான் விழுங்குவார். ஒரு கட்டுரையை நான் மூன்றாவது வரியில் தூக்கி எறிந்தால், அவர் கடைசி வரி வரைக்கும் போய், திரும்பவும் முதல் வரிக்கு வருவார். என் கோபத்துக்கு அவர் ஒருநாளும் எதிர்க்கோபம் காட்டியதில்லை. "அப்படியும் இருக்கலாம் மேடம்" என்பார். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரியும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அவர் மனைவி அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரி. நடுக்கம் வந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல், மெஷினை மூடித் துணி போர்த்தி வைத்தவள். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் கை நடுக்கம் நின்றுவிட்டது. முதன்முதலில் அவள் தைத்தது எங்கள் வாசிப்பு அறைக்கு ஜன்னல் திரைகள். நிதானம் அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஓரத்தைப் பிரித்துக் காட்டி, "தையலைப் பாருங்க மேடம், ஒண்ணு கோணல் இல்ல" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். இந்த மருந்தைப் பற்றி இவரைவிட அக்கறையாக வேறு யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

நிதானம் குறித்தார். சல்லடை கற்றுக்கொண்டது. இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அது கணக்கிட்டுக் காட்டியபோது, நரம்பு டாக்டர் வாயைப் பிளந்தார்.

"இவ்வளவு ஒத்துமையை நான் பாத்ததே இல்லீங்க. புருஷன் பொண்டாட்டி கூட இப்படி இருக்க மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தோம். மருந்தால் நன்மை, பெரிய கெடுதல் எதுவும் தென்படவில்லை என்று தொகுப்பு உருவாகிக்கொண்டிருந்தது. முடித்துக் கொடுங்கள் என்றார் டாக்டர்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தானியக் கடையில் மேல்மூட்டையை மட்டும் பார்த்து வாங்குகிறவள் அல்ல நான். அடிமூட்டையை இழுக்கச் சொல்லி, கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன். கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. சல்லடை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வேலையை மூடுவதற்கு முன்னால், அது அடியில் தள்ளிய கட்டுரைகளில் ஒரு பிடியை எடுத்துப் படிப்பேன். பெரும்பாலும் குப்பைதான் வரும். எலி, முயல், வேறு ஏதோ வியாதி.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படி அள்ளினேன். முதலில் குப்பை. நான்காவதோ ஐந்தாவதோ, அதே மாத்திரை. நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் வீங்கியதாக ஒரு ஆய்வு. தவறி விழுந்திருக்கும் என்று இன்னொரு பிடி அள்ளினேன். அதிலும் ஒன்று. மாத்திரை, ஒரு வருஷத்துக்கு மேல், ஈரல். அதற்குப் பிறகு அள்ளவில்லை, கொட்டினேன். அடிமூட்டை முழுக்க அங்கங்கே அவை கிடந்தன.

மெஷினை வாய்க்கு வந்தபடி திட்டினேன். விற்றவனைத் திட்டினேன். பிறகு, இது யாரிடம் படித்தது என்ற நினைப்பு வந்து, நிதானம் குறித்துக் காட்டிய பாடங்களைத் திறந்தேன்.

ஒவ்வொரு 'வேண்டாம்' என்பதற்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தார், அவர் அப்படித்தான். ஈரல் கெட்டதாகச் சொன்ன ஒரு ஆய்வு: ஆட்கள் மிகக் குறைவு, வேண்டாம். இன்னொன்று: ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை சாப்பிடாதவர்கள் இல்லை, வேண்டாம். எல்லாம் உண்மை. அந்த ஆய்வுகள் சிறியவைதான். மிகச் சிறிய ஆய்வுகளைச் சேர்ப்பதும் விடுவதும் படிப்பவர் தீர்மானம் என்று எங்கள் விதியிலேயே இருந்தது. ஒரு காரணத்திலும் நான் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு அவர் 'வேண்டும்' என்று குறித்தவற்றைப் பார்த்தேன். கை நடுக்கம் குறைந்ததாகச் சொன்ன ஒரு ஆய்வு, அதைவிடக் குறைவான ஆட்கள், வேண்டும். இன்னொன்று, ஒப்பிட ஒருவரும் இல்லை, வேண்டும். கை நின்றது, வேண்டும். ஊசி பிடித்தார், வேண்டும்.

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது.

நிதானத்தை வாசிப்பு அறையின் கோடிக்குக் கூப்பிட்டேன். சண்டை மேசையிலிருந்த புத்தகங்களை ஒதுக்கி இடம் பண்ணி, ஈரல் கட்டுரைகளை அவர் முன்னால் வைத்தேன்.

"இதெல்லாம் ஏன் வேண்டாம்னு போட்டீங்க?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆளுங்க ரொம்பக் கொறச்சல் மேடம். இது ஒப்பீடு இல்லாதது. காரணம் எழுதியிருக்கேனே."

"சரியான காரணம்தான். இப்ப இதைப் படிங்க." கை நின்ற கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்தேன்.

படித்தார். தன் வழக்கப்படி கடைசி வரி வரைக்கும் போனார், முதல் வரிக்குத் திரும்பினார். ஈரல் கட்டுரையை எடுத்தார், திரும்பக் கை கட்டுரையை எடுத்தார்.

"மேடம், நான் வேணும்னு செய்யல."

"தெரியும்."

"சத்தியமா எனக்கே தெரியாது மேடம்."

"தெரியும்னு சொல்றேன்ல."

திரைச்சீலை பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்டார். "எனக்கே தெரியாதது அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் எழுதிய காரணங்களை அது படிக்கவே இல்லை. அவர் கை எதை எடுத்தது, எதைத் தள்ளியது என்பதை மட்டும் பார்த்தது. சில நூறில் அவருக்குக் கொஞ்சம் சாய்ந்தது, ஆயிரங்களில் அதற்கு முழுக்கச் சாய்ந்துவிட்டது. பாடம் சொன்னவரும் படித்ததும் ஒரே மனசு. அதைத்தான் நாங்கள் ஒற்றுமை என்று மெச்சிச் சிரித்திருந்தோம். முன்போல அவர் எதிரே நான் உட்கார்ந்திருந்தால், முதல் கட்டுரையிலேயே பலகைக்கு அடியில் கூச்சல் போட்டிருப்பேன். தப்பு அவருடையது மட்டுமா? அவரிடம் இந்த வேலையைக் கொடுத்த என்னுடையதும்தான், அதை அவரிடமே சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அவ ஒரு வருஷத்துக்கு மேலயே சாப்பிடறா மேடம்" என்றார். எழுந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டுத் திரும்ப அதையே எடுத்து நிறுத்தினார்.

அப்படியே அவரை அழைத்துக்கொண்டு நரம்பு டாக்டர் அறைக்குப் போனேன். நான்தான் சொல்வதாக இருந்தது. வாசலிலேயே நிதானம் முந்திக்கொண்டார்.

"டாக்டர், தொகுப்பு தப்பு. நான் குறிச்சது தப்பு. என் பொண்டாட்டி இந்த மாத்திரையில இருக்கா. அதை நான் முதல்லயே எழுதிக் கொடுத்திருக்கணும்."

டாக்டர் முகம் ஒரு நொடி சிவந்தது. பிறகு கட்டுரைகளை வாங்கி, நின்றபடியே இரண்டைப் படித்தார். மறுபேச்சு பேசாமல் போனை எடுத்து, அந்த மாத்திரையை ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிடும் எல்லோரையும் கூப்பிட்டு ஈரலுக்கு ரத்தம் பார்க்கச் சொன்னார். "தொகுப்பை மொதல்லேர்ந்து செய்யுங்க. எவ்வளவு நாள் ஆனாலும் சரி" என்றார் என்னிடம். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

இந்தத் தடவை நான் ஒரு ஆள். இரண்டாவது ஆளாக, பல் மருத்துவக் கல்லூரி நூலகரைக் கூப்பிட்டேன். எனக்கும் அவளுக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துவராது. ஒரு கருத்தரங்கில் நான் பேசியதை அவள் எழுந்து நின்று வெட்டிப் பேசிய நாளிலிருந்து ஜென்மப் பகை.

"என்னையா கூப்பிடறே? ஒடம்பு சரியில்லையா உனக்கு?" என்றாள் போனில்.

"நான் சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடாத ஆள் வேணும். உன்னை விட்டா வேற யாரு?"

"அது சரி" என்றாள். மறுநாளே பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

நாங்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து குறித்தோம். முரண்பட்டதையெல்லாம் சண்டை மேசையில் வைத்துக் கிழித்துக் காயப்போட்டோம். வாசகர்கள் எழுந்து போனார்கள், எனக்குத் திருப்தியாக இருந்தது. அதற்குப் பிறகே சல்லடையைப் பழக்கினோம். ஈரல் கட்டுரைகள் இந்த முறை மேலே வந்தன. அதே மெஷின்தான். நிதானம் அந்த நாட்களில் எங்கள் அறைப்பக்கமே வரவில்லை. கீழே பழைய இதழ்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். தொகுப்பின் வழிமுறைப் பகுதியில், 'மென்பொருளுக்குக் கொடுத்த முதல் பயிற்சி கைவிடப்பட்டது' என்று நான் பூசி மெழுகி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, குறித்தவரின் மனைவி அந்த மருந்தை உட்கொள்பவர் என்பதால் கைவிடப்பட்டது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

மருந்தால் கை நடுக்கம் நிற்பது உண்மை. நாள்பட்டால் பலருக்கு ஈரல் கெடுவதும் உண்மை. ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று மருந்துக் குழு முடிவெடுத்தது.

முடிவு வந்த பிறகு ஒருநாள் மாலை நிதானமும் அவர் மனைவியும் நூலகத்துக்கு வந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட்டிருப்பது தெரிந்து, முதல் வாரத்திலேயே அவளுக்கு மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். இத்தோடு நிறுத்தியதால் தப்பித்தது, மெல்லத் தேறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த விதத்தில், கை மறுபடி நடுங்க ஆரம்பித்திருப்பது தெரிந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். அவள் வந்ததும் வராததுமாய்த் திரைகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரு அறிகுறியும் இல்லாம உள்ளுக்குள்ளேயே கெட்டிருக்கு பாருங்க மேடம்" என்றார் நிதானம். "ரத்தம் பாக்கலைன்னா தெரிஞ்சே இருக்காது."

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, அந்தக் கட்டுரையில இருக்கறவங்க எல்லாம், ஈரல் கெட்டவங்க, தாங்களா போய் டாக்டர்கிட்ட சொன்னாங்களா? இல்ல டாக்டர் கேட்டாரா?"

"கேட்டாங்கம்மா. அரிப்பு இருக்கா, சோர்வு இருக்கா, பசிக்குதான்னு ஒவ்வொண்ணா கேட்ட ஆய்வுலதான் அது தெரிஞ்சிருக்கு. கையைப் பத்தி மட்டும் கேட்டதுல எல்லாம் கை நல்லா இருக்குன்னுதான் வந்துச்சு."

அவள் திரையை விட்டுவிட்டாள். "எனக்கும் இருந்துச்சுக்கா. கொஞ்ச மாசமா உள்ளங்கையெல்லாம் அரிப்பு. சாயங்காலமானா நிக்க முடியாது. சோத்தைப் பாத்தா கொமட்டும்."

இருபது வருஷத்தில் முதல் தடவையாக, அந்த அறையில் நிதானத்தின் குரல் உயர்ந்தது.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கான்னு டாக்டர் கேட்டாரே! நான் பக்கத்துலயே இருந்தேனே! ஒண்ணும் இல்லைன்னு சொன்னியே!"

"நீங்க பக்கத்துல இருந்ததாலதான் சொன்னேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? தெனம் காலையில கேட்டேனே!"

"கேட்டீங்க" என்றாள் அவள். குரலில் கோபமில்லை. "கை எப்படி இருக்கு, கை எப்படி இருக்குன்னு தெனம் கேட்டீங்க. கை நல்லாத்தான் இருந்துச்சு. நான் நல்லா இருக்கேனான்னு நீங்க ஒரு நாளும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. உங்க மொகத்துல அந்தச் சிரிப்பைப் பாத்தா எனக்கு வாய் வராது."

வாசிப்பு அறையில் இருந்த இரண்டொருவர் தலையை நிமிர்த்தவில்லை. நான் எதையாவது சொல்லித் தேற்றலாம் என்று வாயெடுத்தேன். அது என் வேலை இல்லை என்று தோன்றி அடங்கிவிட்டேன்.

"இப்ப கேக்கறேன்" என்றார் அவர். "நீ எப்படி இருக்கே?"

"நேரம் புடிக்கும். உக்காந்து கேப்பீங்களா?"

நான் போய் ஜன்னலோர மேசையில் கிடந்த கட்டுரைகளை அள்ளிக்கொண்டு, நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டேன். இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் நடுங்கும் கைகளை ஒளிக்காமல் மேசை மேல் வைத்துக்கொண்டு, முதலில் அரிப்பு எந்த விரலில் தொடங்கியது என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நிதானம் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. நான் கட்டுரைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.